தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த அரக்கு

2017 மார்கழியில், நத்தாருக்கு நாலு நாள் இருக்கும்போது, ஹட்டன் டவுனிலிருந்து ஒரு மின்தராசு வாங்கி வந்தோம். மகள் ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு கடையில் எனக்கு உதவியாக நின்றாள். புதுச் சாமான் என்ற ஆசையில், முதல் நாள் இரவு நான் பழைய தராசில் கால் கிலோ கால் கிலோவாக நிறுத்துக் கட்டி வைத்திருந்த சீனிப் பைகளை ஒவ்வொன்றாக அதில் வைத்துப் பார்த்தாள். 220. அடுத்தது 221. அடுத்தது 219.

"அம்மா, இந்தத் தராசு பிழையாக் காட்டுது. திருப்பிக் கொடுத்துட்டு வேற வாங்கிட்டு வருவோம்" என்றாள்.

எந்தத் தராசு பிழை என்று எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும்.

எங்கள் கடை இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பணிய லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவை ஒட்டி இருக்கிறது. ஒரு மேசை, இரண்டு அலுமாரி, சீனி, பருப்பு, மா, கருவாடு, மண்ணெண்ணெய், சவர்க்காரம், பிள்ளைகளுக்கு இனிப்பு. கடையை நடத்திக்கொண்டிருந்தவர் கொழும்புக்குப் போகும்போது, 2015 தைமாதம், சாமானோடும் தராசோடும் சேர்த்து நாங்கள் வாங்கினோம். வாங்கிய முதல் வாரம் தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தராசைத் தேய்த்தேன். சாமான் வைக்கிற தட்டைக் கவிழ்த்தபோது, அடியில் அரக்கு உருண்டை ஒன்று ஒட்டியிருந்தது. சின்னத் தேசிக்காய் அளவு இருக்கும். கறுத்து, தட்டோடு தட்டாகப் போயிருந்தது.

தட்டைச் சமப்படுத்த வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வெறும் தட்டு சாமான் பக்கம் சாய்ந்தது. பழைய தராசு அப்படித்தான் இருக்கும் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். அதோடு, எதிர்த்தட்டில் எப்போதும் ஒரு படிக்கல்லை விட்டு வைக்கப் பழகிக்கொண்டேன். கல் இருந்தால் வெறும் தட்டு சாய்வது யாருக்கும் தெரியாது. ஏன் அப்படிச் செய்தேன் என்று அந்த மூன்று வருடத்தில் ஒரு நாளும் என்னை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

தராசுக்கு மேலே சுவரில் ஆலயத்தில் கொடுத்த கலண்டர் தொங்கியது. கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார் என்று பெரிய எழுத்தில் போட்ட கலண்டர். எங்கள் டிவிசனில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கைவிரலில் எண்ணிவிடலாம். மற்ற எல்லோரும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். அதனால் அந்தக் கடைக்கு "வேதக்காரக் கடை" என்றுதான் பேர். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில், 1854-ல், தமிழ்க் கூலி மிஷன் என்று தொடங்கி இந்த மலைகளில் ஊழியம் செய்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இங்கே வேதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தவர்களை விட, வேதக்காரர் வீட்டைப் பார்த்து வேதம் என்ன என்று தெரிந்துகொண்டவர்கள்தான் அதிகம். என் கடைக்கு வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் 30 கிராம் குறையக் கொண்டு போனார்கள்.

அன்று இரவு அந்த 30 கிராம் என்னைத் தூங்க விடவில்லை. அரக்கு உருண்டை எப்போதும் ஒரே எடைதான். ஒரு கிலோ வாங்கினாலும் 30 கிராம் போகும், கால் கிலோ வாங்கினாலும் அதே 30 கிராம்தான் போகும். சம்பளம் போட்ட அன்று ஐந்து கிலோ சேர்த்து வாங்குகிற வீட்டுக்கு அது பெரிதாகப் படாது. கையில் காசில்லாமல் நாளுக்கு நாள் கால் கிலோ, நூறு கிராம் என்று வாங்குகிற வீடுதான் அதிகம் இழந்தது. கால் கிலோவில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. எவ்வளவுக்கு ஏழையோ அவ்வளவுக்கு என்னிடம் அதிகம் இழந்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. என் அம்மா கொழுந்தெடுத்தவர். காலை, மத்தியானம், சாயந்தரம் என்று மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று இரண்டு கிலோ கழிப்பார்கள், வெயில் காய்கிற நாளிலும் தண்ணீருக்கென்று கழிப்பார்கள். ஒரு நாளைக்கு ஆறு கிலோ. அம்மா வேலை செய்த கடைசி வருடங்களில் எங்கள் தோட்டத்தில் ஒரு பேர் போட, அதாவது முழு நாள் சம்பளம் விழ, 18 கிலோ எடுக்க வேண்டும். பதினேழில் நின்றால் அரைப்பேர்தான். அரைப்பேர் விழுந்த நாளில் அம்மா இடுப்பில் கட்டிய படங்கைக் கூட அவிழ்க்காமல் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அட்டை கடித்த காலைத் தடவிக்கொண்டு, "கழிச்சது கழிச்சதுதான், சாமிக்குத் தெரியும்" என்பார். அந்தத் தராசுக்காரர்களை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்.

விடியற்காலையில் எழுந்து கடன் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். கொப்பியில் இருந்தவை 30 குடும்பம். ஒரு வீட்டுக்கு மாதம் சராசரியாக 20 நிறுவை. இருபது தடவை 30 கிராம் என்றால் 600 கிராம். முப்பது வீட்டுக்கு மாதம் 18 கிலோ.

அந்த 18 என்ற இலக்கத்தைப் பார்த்ததும் பேனையை வைத்துவிட்டேன். அம்மாவின் ஒரு பேர்.

நேரே போதகரிடம் போனேன். எங்கள் ஆலயத்துக்கு அவர் இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வருவார், நாலைந்து தோட்டங்கள் அவருக்கு. நான் அழுதுகொண்டே சொன்னேன். ஜெபம் பண்ணுவார், மன்னிப்பு உண்டு என்று சொல்லி அனுப்பிவிடுவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கடன் கொப்பியெல்லாம் வச்சிருக்கீங்களா, தங்கச்சி?" என்பதுதான்.

இருக்கு என்றேன். "அப்படின்னா கணக்கு இருக்கு. கணக்கு இருக்கிறப்போ கடவுள்கிட்ட மட்டும் பேசி முடிக்க முடியாது" என்றார். வேதத்தில் எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். ஒருவனுக்குத் தப்பு செய்தவன் அதை அறிக்கை செய்து, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, தப்பு செய்யப்பட்டவனிடமே கொடுக்க வேண்டும் என்று அங்கே இருக்கிறது. வேதத்தில் வருகிற வரிக்காரன் சகேயு, ஏமாற்றி வாங்கியதற்கு நாலு மடங்கு கொடுத்தானே ஐயா என்று கேட்டேன். "அவன் தானாகச் சொன்னது அது. நீங்க முதல்ல ஐந்தில் ஒரு பங்கோடு முதல் வீட்டுப் படியேறுங்க" என்றார்.

ஒரு வீட்டுக்கு மூன்று வருடத்தில் 21 கிலோ 600 கிராம். ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் ஏறக்குறைய 26 கிலோ. சீனி, பருப்பு எல்லாம் சேர்த்துக் கிலோவுக்குச் சராசரி 120 ரூபாய் என்று போட்டேன். 3,120 ரூபாய். 2016 கூட்டு ஒப்பந்தத்தின்படி அப்போது ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். ஆக, கூட்டிய பங்கை விட்டுப் பார்த்தாலும், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஐந்து நாள் மலையில் நின்ற கூலியை நான் எடுத்திருக்கிறேன். முப்பது வீட்டுக்கும் சேர்த்து 93,600 ரூபாய்.

அவ்வளவு காசு எங்களிடம் இல்லை. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். முதலில் கோபப்பட்டார். சொன்னால் கடையை மூட வேண்டியதுதான் என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். எல்லோருக்கும் நம்மிடம் கடன் இருக்கிறது, ஆளுக்கு 3,120 ரூபாயைக் கொப்பியில் சத்தமில்லாமல் கழித்துவிடுவோம், யாருக்கும் நட்டமில்லை, நமக்கும் மானம் போகாது.

உண்மையைச் சொன்னால் அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மகள்தான், "அப்ப அவங்களுக்கு என்னன்னே தெரியாதேம்மா" என்றாள். அது சரிதான். சொல்லாமல் கழித்தால், கடைக்காரி கணக்கில் தவறிவிட்டாள் என்று நினைப்பார்கள். இல்லை, கடனைத் தள்ளிவிட்டாள், நல்ல மனசு என்று என்னைப் புகழக்கூடும். திருடியதற்கு மேல் அந்தப் புகழையும் எடுத்துக்கொள்வதா?

அன்று சாயந்தரம் என் அம்மா ஒரு விசயம் சொன்னார். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர்களில் அம்மாவின் அண்ணனும் ஒருவர். பாஸ்போர்ட் வந்து, தலைமன்னாருக்குப் போக ரயில் நாளும் குறித்தாயிற்று. புறப்படுவதற்கு முதல் நாள் அவர் வீட்டிலிருந்த ஒரே பித்தளைக் குடத்தை விற்று, கடைக்குக் கொடுக்க வேண்டிய 11 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தாராம். கடைக்காரரே, "நீ கடல் தாண்டிப் போறவன், உன்னை எவன் கேக்கப் போறான்" என்று சொல்லியிருக்கிறார். "நான் போயிருவேன், என் பேர் இங்கதானே இருக்கும்" என்றாராம் மாமா. அவர் வேதக்காரர் இல்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காவடி எடுத்தவர். அம்மா இதைச் சொல்லிவிட்டு, "நீ இங்கனயே இருக்கப் போறவ" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

முதல் வீட்டில் நான் சொன்னது இது: "அக்கா, நம்ம பழைய தராசு சரியில்லாம இருந்துருச்சு. சாமான் கொஞ்சம் குறைஞ்சுருக்கு. அதான் கணக்குப் பார்த்துக் கொடுக்கலாம்னு வந்தேன்." அந்த அக்கா, "அதுக்கென்ன புள்ள, தராசுன்னா பழுதாகும்தானே, வேணாம் விடு" என்றார். தேத்தண்ணியும் கொடுத்தார். குடித்துவிட்டு வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பத்து அடி நடப்பதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. தராசு சரியில்லாமல் இருந்தது, சாமான் குறைந்தது என்று எல்லாவற்றையும் தராசின் மேலும் சாமானின் மேலும் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்த வாக்கியத்தில் நான் எங்கேயும் இல்லை. திருப்பிக் கொடுக்கப் போன இடத்திலும் ஒரு பொய்யை விட்டுவிட்டு, அவர் கையால் தேத்தண்ணியும் வாங்கிக் குடித்திருக்கிறேன்.

திரும்பிப் போனேன். "அக்கா, தட்டுக்கு அடியில அரக்கு ஒட்டியிருந்தது எனக்குத் தெரியும். மூணு வருசமாத் தெரியும். தெரிஞ்சேதான் நிறுத்தேன்." அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எவ்வளவு?" என்று கேட்டார். வேணாம் விடு என்று சொன்ன அதே வாய்தான். உண்மை தெரிந்த பிறகு அவர் தன் காசைக் கேட்டார். கேட்க அவருக்கு உரிமை இருந்தது, என் முதல் பேச்சு அந்த உரிமையைத்தான் மறைத்திருந்தது.

யாருக்காவது இப்படி ஒரு காரியம் சொல்ல வேண்டி வந்தால் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். போவதற்கு முன் அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் தமிழில் ஒளிந்துகொள்ள இடம் நிறைய இருக்கிறது. "உடைஞ்சிருச்சு", "தவறிருச்சு", "அப்படி ஆயிருச்சு" என்று சொல்லிச் செய்தவனைக் காணாமல் ஆக்கிவிடலாம். "நான் உடைத்தேன்", "நான் எடுத்தேன்" என்று வருகிறதா என்று பாருங்கள். அதோடு, தொகையை முதலில் சொல்லுங்கள், அழுகையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வீட்டில் அழுதுவிட்டேன். அந்தப் பாவப்பட்ட மனுசி தன் காசை விட்டுவிட்டு எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததும் ஒரு அநியாயம்தான்.

எப்படிக் கொடுப்பது என்பதையும் அவர்களே சொல்லட்டும் என்று விட்டேன். சிலர் கடனில் கழிக்கச் சொன்னார்கள். சிலர் மாதம் மாதம் அரிசியாக வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர் காசாகவே வேண்டும் என்றார்கள், கொடுத்தோம். எல்லாம் கொடுத்து முடிய பதினாலு மாதம் ஆனது. கொப்பியில் இல்லாமல் கைக்காசு கொடுத்து வாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள், ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆட்கள், வழிப்போக்கர்கள். அவர்கள் கணக்கை எப்படிப் போடுவது? குத்துமதிப்பாக ஒரு தொகை வைத்துத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தில் கொடுத்தோம், எதற்காக என்றும் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அது முழுக் கணக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

எல்லோரும் மன்னித்தார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மேட்டு லயத்து அண்ணன் ஒருவர், வயது அறுபதுக்கு மேல், நான் சொல்லி முடிக்கும்வரை வாசல்படியில் நின்றே கேட்டார். "எம் பொண்டாட்டி காய்ச்சல்ல கிடந்தப்ப நூறு கிராம் சவ்வரிசி வாங்கினேன். அதுலயுமா?" என்றார். அதிலயும்தான் அண்ணே என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் பங்கை மகன்தான் வந்து வாங்கிப் போனான். அவர் அதற்குப் பிறகு என் கடைப் படி ஏறவில்லை. சாமானுக்கு ஒன்றரை மைல் நடந்து ரோட்டுக் கடைக்குப் போனார். முதலில் எனக்கு மனத்தாங்கலாக இருந்தது, உண்மையைச் சொன்ன பிறகும் இப்படியா என்று. யோசித்துப் பார்த்தால், காசைத் திருப்பிக் கொடுப்பது என் கடமை. நம்பிக்கையைத் திருப்பிக் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம். அதை நான் கேட்டு வாங்க முடியாது.

இன்னொரு பெரியம்மா, "மண்ணெண்ணெய் அளக்கிற குவளையையும் காட்டு" என்றார். அந்தக் குவளை சரியானதுதான். இருந்தாலும் அவர் கண் முன்னால் ஒரு லீட்டர் போத்தலில் ஊற்றிக் காட்டினேன். பருப்புப் பையைக் காட்டு என்றார், காட்டினேன். ஒரு பொய் வெளிப்பட்டால் மற்றதெல்லாம் சந்தேகமாகும், அந்தச் சந்தேகம் நான் உண்டாக்கியதுதானே.

அந்த நத்தாருக்கு நான் நற்கருணை எடுக்கவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயுவில் இருப்பதை அதற்கு முன் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அந்த வருடம் இன்னும் பதினேழு வீடு பாக்கி இருந்தது.

அதன் பிறகு கடையில் பல விசயங்களை மாற்றினோம். இலங்கையில் வியாபாரத் தராசுகளை வருடத்துக்கு ஒருமுறை அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்து ஆட்களிடம் காட்டிப் பரிசோதித்து முத்திரை வாங்க வேண்டும். பழைய தராசுக்கு நான் ஒரு தடவையும் வாங்கியதில்லை. நீதிமொழிகளில் "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று வருகிறது. அந்தச் சுமுத்திரை என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வந்தும், முத்திரை குத்திய தராசைக் கையில் வாங்கிய அன்றுதான் அது என் கடையைப் பற்றிய வசனம் என்று உறைத்தது. இலக்கம் தெரிகிற பக்கத்தை வாங்குகிறவரைப் பார்க்க வைத்தோம். வெறும் பையை முதலில் வைத்து, பூச்சியம் வரப்பண்ணி, பிறகுதான் சாமான் போடுவது. கடன் கொப்பி இரண்டு, ஒன்று கடையில், ஒன்று அவர்கள் வீட்டில். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு எழுதுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவது. பெருமையாகச் சொல்ல இதில் எதுவுமில்லை. நல்லவளாக இருப்பேன் என்று என் மனதை நம்புவதை விட்டு, கள்ளத்தனம் செய்ய இடமே இல்லாதபடி மேசையை மாற்றிப் போட்டேன், அவ்வளவுதான். மனதை நம்பித்தானே மூன்று வருடம் போனது.

இதைவிடச் சிக்கலானது ஒன்று. குடிக்கிற புருசனுக்குத் தெரியாமல் சில பெண்கள் நூறு, இருநூறு என்று என்னிடம் கொடுத்து வைப்பார்கள். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க, பரீட்சைக்குக் கட்ட. ஒருநாள் ஒரு அண்ணன் வந்து, "எம் பொண்டாட்டி இங்க காசு குடுத்து வச்சிருக்காளா?" என்று கேட்டார். இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் அன்று இரவு அந்தக் காம்பராவில் என்ன நடக்கும் என்று தெரியும். "அண்ணே, ஒருத்தர் கணக்கை இன்னொருத்தருக்குச் சொல்றதில்லை. உங்க கணக்கையும் நான் யாருக்கும் சொல்றதில்லை" என்றேன். முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் இது அன்று மட்டும் சொல்கிற பதிலாக இருந்திருந்தால், சொல்ல மறுத்ததே ஆமாம் என்று காட்டிக் கொடுத்திருக்கும். தாய் வந்து மகன் கணக்கைக் கேட்டாலும், மாமியார் மருமகள் கணக்கைக் கேட்டாலும், ஒன்றுமே இல்லாத கணக்கானாலும் இதே பதிலைத்தான் பல மாதமாகச் சொல்லி வந்தேன். அதனால்தான் அந்தப் பெண் தப்பித்தாள். பொய் சொல்லாமல் ஒருவரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அதற்கான வேலியை முன்பே கட்டி வைக்க வேண்டியிருக்கிறது.

2022-ஐ மலையகத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. எரிவாயுவும் இல்லை, மண்ணெண்ணெய்க்கு நோர்வூட்டிலும் ஹட்டனிலும் கேனை வைத்துக்கொண்டு விடிய விடிய வரிசை. ஆகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. அன்று என் கடையில் 60 லீட்டர் இருந்தது, பழைய விலைக்கு வாங்கியது.

எங்கு பார்த்தாலும், சாமான் உள்ளே இருக்க, "முடிஞ்சிருச்சு" என்று சொல்கிற காலம் அது. எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்று ஆண்டவர் சொன்னதை நான் அதுவரை ஏதோ சாட்சி சொல்கிற, சத்தியம் பண்ணுகிற காரியமாகத்தான் நினைத்திருந்தேன். ஒரு கடைக்காரிக்கு அது எழுத்துக்கு எழுத்து அப்படியே பொருந்துகிற கட்டளை. உள்ளது உள்ளது, இல்லது இல்லது. 60 லீட்டர் இருக்கு, வீட்டுக்கு ஒரு போத்தல், பழைய விலை என்று அட்டையில் எழுதி வைத்தேன். புது விலைக்கு விற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் அடுத்த சரக்கைப் புது விலைக்குத்தான் வாங்க வேண்டும். எனக்கும் அந்த 60 லீட்டர் விற்ற காசில் அடுத்த தடவை 15 லீட்டர் அளவுதான் கிடைத்தது. அந்த நட்டம் நட்டம்தான், அது எப்படியோ திரும்பி வந்தது என்று கதை சொல்ல மாட்டேன்.

அந்த 60 லீட்டரில் என் நாத்தனாருக்கு மட்டும் பின்கதவு வழியாக இரண்டு போத்தல் கொடுத்தேன். கைப்பிள்ளைக்காரி என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மற்ற லயங்களிலும் கைப்பிள்ளைக்காரிகள் இருந்தார்கள். கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இரண்டு என்று அட்டையில் எழுதியிருக்கலாம். தோன்றவில்லை, அல்லது தோன்றவிடவில்லை. தராசு விசயத்துக்கு ஐந்து வருடம் கழித்து நடந்தது இது.

ஹட்டனில் எனக்குச் சரக்குப் போடுகிறவர் ஒரு முஸ்லிம் பாய். ஒருமுறை அவர் கடைப் பையன் தவறுதலாக ஒரு மூட்டை மா கூடுதலாக ஏற்றிவிட்டான். ஜெபக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு சகோதரி, "ஆண்டவர் கொடுத்த ஆசீர்வாதம்" என்றார். அவர் மனதார நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அடுத்தவர் சாமானுக்கு ஆண்டவர் பெயரை வைக்க எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பையன் சம்பளத்தில்தான் அதைப் பிடிப்பார்கள். போன் எடுத்துச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ், பொடியன் ரெண்டு நாளா அழுதுக்கிட்டு இருக்கான்" என்றார் பாய். அதற்கு இரண்டு வருடம் முந்தி, நான் கூடுதலாக எண்ணிக் கொடுத்த ஐயாயிரம் ரூபாயை அதே பாய் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். நேர்மையில் இவரும், குடம் விற்ற என் மாமாவும் எனக்கு முன்னால் நடக்கிறவர்கள். அவர்களுக்குப் பின்னால் நடக்க எனக்கு வெட்கமில்லை.

வீட்டுக்குள் இன்னும் தடுமாறுகிறேன். சீட்டுக்காசு கேட்டு ஆள் வரும்போது, "அம்மா இல்லைன்னு சொல்லு" என்று மகனை அனுப்புகிற பழக்கம் நிற்க வெகு நாளானது. பிள்ளை கதவுக்கு வெளியே போய், "அம்மா இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு வந்த அன்று நிறுத்தினேன். இப்போது நானே போய், "காசு இல்லை அக்கா, வெள்ளிக்கிழமை தாறேன்" என்கிறேன். வெள்ளிக்கிழமை முடியாது என்று தெரிந்தால் வியாழக்கிழமையே போய்ச் சொல்லிவிடுகிறேன். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மேட்டு லயத்து அண்ணன் மனைவி போன வருடம் காலமானார். செத்த வீட்டுக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

இந்த வருடம் ஆடி மழையில் ஒரு சாயந்தரம், நல்ல பனி, எதிர் மலை தெரியவில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றது. அந்த அண்ணனின் பேத்தி. ரோட்டுக்குப் போக முடியாத மழை. கால் கிலோ சீனி வேண்டும் என்றது. பையை வைத்தேன், பூச்சியம் வந்தது, சீனியைப் போடத் தொடங்கினேன்.

"ஆன்ட்டி, தாத்தா நம்பரைப் பாத்துட்டு வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்றது பிள்ளை.

மேசை உயரமாக இருந்ததால் அதற்கு எட்டவில்லை. தராசைத் தூக்கி மேசை ஓரத்துக்கு நகர்த்தி, அதன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தேன். குதிகாலை உயர்த்திப் பார்த்து, விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்தது.

"ரெண்டு... அஞ்சு... பூச்சியம்."

பையைக் கட்டிக் கொடுத்தேன். சாக்குக்குள் வைத்துக்கொண்டு மழைக்குள் ஓடியது.